சத்தமில்லாத துப்பாக்கிக்கு ஒரு சட்டை

விடிகாலை 5 மணிக்கு போன் அடித்தால் நம் வீடுகளில் இரண்டே அர்த்தம்தான். ஒன்று, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு, அமெரிக்காவில் யாருக்கோ சாயங்காலம் பொழுது போகவில்லை.

அன்றைக்கு இரண்டாவது.

"தம்பி, எனக்கு ஒரு உறை தைக்கணும்டா. நீதான் ஏற்பாடு பண்ணணும்" என்றார் அண்ணன். சித்தப்பா மகன். டெக்ஸாஸில் ஆஸ்டினுக்கு வெளியே பத்து ஏக்கர் வாங்கிப் போட்டுக்கொண்டு, வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டரையும் இரண்டு நாள் முயல்களையும் திட்டிக்கொண்டிருப்பவர்.

"எத்தனை தலையணைக்கு அண்ணே?" என்றேன், தூக்கக் கலக்கத்தில்.

"தலையணைக்கு இல்லடா. துப்பாக்கிக்கு."

முழுசாக முழித்துக்கொண்டேன். பக்கத்தில் படுத்திருந்த மனைவியும் முழித்துக்கொண்டாள். துப்பாக்கி என்ற சொல்லுக்கு அப்படி ஒரு சக்தி. காப்பிக்குக்கூட அவள் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். அண்ணன் தோட்டத்தில் போட்ட கத்தரியையும் கீரையையும் முயல்கள் மேய்கின்றன. சிட்டிசன் ஆனதும் அண்ணன் ஒரு .22 பிஸ்டல் வாங்கினார். அதன் முனையில் திருகிக்கொள்ள ஒரு சைலன்சரும் வாங்கினார். இப்போது இரண்டையும் சேர்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு வயலில் நடக்க உறை கிடைக்கவில்லை. கடையில் விற்பதெல்லாம் வெறும் பிஸ்டலுக்குத்தான். "நம்ம ஊர்ல தோல் தைக்கிற பெரியவர் இருக்காரே, அவர்கிட்ட சொல்லித் தைச்சு அனுப்புடா" என்கிறார்.

அடியேன் பி.காம். வரவு எது, செலவு எது என்று கேட்டால் சொல்வேன். துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பார்த்ததுதான்; அதில் பாதி தப்பு என்று பிறகு தெரிந்தது.

உதாரணத்துக்கு, அந்தக் காலத்து சி.ஐ.டி. படங்களில் வில்லன் ரிவால்வரை எடுத்து நிதானமாக சைலன்சரைத் திருகுவார் பாருங்கள். ஒன்றும் நடக்காது. ரிவால்வரில் குண்டு இருக்கும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. முன்வாசலை அடைத்தால் சத்தம் அந்தப் பின்வாசல் வழியாக வந்துவிடும். அந்த இடைவெளியையே மூடிக்கொள்ளும் நாகான்ட் என்ற ரஷ்ய ரிவால்வர் மாதிரி ஒன்றிரண்டுதான் விதிவிலக்கு. ஆக, நாம் இத்தனை வருஷம் பயந்ததெல்லாம் வீண்.

.22 என்பது வேறு ஜாதி... சாரி, வேறு ரகம். பெரிய தோட்டாக்களில் பின்பக்கம் நடுவில் ஒரு பொட்டு இருக்கும். அங்கே ஊசி குத்தினால் வெடிக்கும். .22-ல் பொட்டு கிடையாது. தோட்டாவின் அடி விளிம்புக்குள்ளேயே மருந்து சுற்றிலும் தடவியிருக்கும். விளிம்பில் எங்கே நசுக்கினாலும் பற்றும். சின்னப் பையன்கள் ரோல் கேப்பைக் கல்லால் தட்டுகிற தத்துவம்தான். பணச் செலவு கம்மி, உதைப்பு கம்மி. சாதாரண ரகத் தோட்டா ஒலியின் வேகத்துக்கு, அதாவது வினாடிக்கு சுமார் 340 மீட்டருக்கு, உள்ளேயே போகும். ஒலியைத் தாண்டினால் குண்டே வானத்தில் சாட்டை மாதிரி ஒரு 'பட்' போடும். அதை எந்த சைலன்சராலும் தடுக்க முடியாது. .22-க்கு அந்தத் தொல்லை இல்லாததால்தான் சைலன்சரோடு அதற்கு அவ்வளவு பொருத்தம்.

1960 மே 1-ம் தேதி ரஷ்யாவுக்கு மேலே பறந்து மாட்டிக்கொண்டாரே அமெரிக்க உளவு விமானி கேரி பவர்ஸ், அவரிடம் இருந்ததும் சைலன்சர் வைத்த .22 பிஸ்டல்தான். அதனால் அவருக்கு என்ன லாபம்? ஒரு குண்டுகூடச் சுடவில்லை. பத்து வருஷ தண்டனை வாங்கி, 1962 பிப்ரவரியில் ஒரு ரஷ்ய உளவாளிக்குப் பண்டமாற்றாக வீடு வந்து சேர்ந்தார். சத்தமில்லாத துப்பாக்கியால் உலகத்துக்கு வந்த சத்தத்தைப் பார்த்தீர்களா!

"அண்ணே, இங்க இதெல்லாம் பேசவே கூடாதுண்ணே" என்றேன். நிஜம்தான். நம் நாட்டில் 1962 ஆயுத விதிகளின் அட்டவணையிலேயே, சுடும் சத்தத்தைக் குறைக்கும் துணைக் கருவிகளைத் தடை செய்த ஆயுதங்களின் வரிசையில் வைத்துவிட்டார்கள். 2016-ல் விதிகளைப் புதிதாக எழுதியபோதும் அந்தக் கதவு திறக்கவில்லை. லைசென்ஸ் வைத்திருக்கும் பெரிய மனிதர்களுக்கும் சைலன்சர் கிடையாது. மோட்டார் சைக்கிளோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அங்கே நிலவரம் வேறு. 1934-ல் ஒரு சட்டம் போட்டு சைலன்சருக்கு 200 டாலர் வரி வைத்தார்கள். அப்போது அது பெரிய தொகை. அப்புறம் விலைவாசி எங்கேயோ போயிற்று, வரி மட்டும் அதே 200 டாலர். 2026 ஜனவரி 1 முதல் அதையும் பூஜ்யமாக்கிவிட்டார்கள். பதிவு செய்வது மட்டும் பாக்கி. தொண்ணூறு வருஷத்துக்கு மேல் பைசா ஏறாத ஒரு வரி உலகத்தில் இருந்தது என்பதை எங்கள் கல்லூரியில் வருமான வரிப் பாடம் எடுத்த பேராசிரியரிடம் சொன்னால் அழுதுவிடுவார்.

"துப்பாக்கி இங்க இருக்குடா, உறைதான் அங்க. உறை ஆயுதமா? தோல் பைதானே!" என்றார் அண்ணன். வாதம் சரியாகத்தான் பட்டது. வாட்ஸ்அப்பில் அளவுகளும் படமும் வந்து விழுந்தன. பிஸ்டல் எட்டரை அங்குலம். சைலன்சர் ஐந்தங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒரு ரூபாய் நாணயத்தைவிட லேசாக அதிகப் பருமன். சேர்த்துப் பார்த்தால் ஒரு அடிக்கு மேல் நீளம். இதை இடுப்பில் செருகினால் ஜீப்பில் உட்காரும்போது என்ன ஆகும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

மனிதர் ஏற்கெனவே இரண்டு உறை வாங்கி ஏமாந்திருக்கிறார். ஒன்று நைலான். தொளதொளவென்று தொங்கும், பிஸ்டலை உருவினால் உறையும் கூடவே வரும். இன்னொன்று சூட்டில் வளைத்துச் செய்யும் கெட்டி பிளாஸ்டிக். அழகாகத்தான் இருந்ததாம். ஆனால் இருபது குண்டு சுட்டால் சைலன்சர் கொதிக்கும். கொதிக்கிற கம்பியை, சூட்டில் இளகுகிற பிளாஸ்டிக்கில் செருகினால்? இரண்டு மாதத்தில் அது ஊத்தாப்பம் மாதிரி ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் போய் இறங்கினேன். (சாத்தூர் என்றால் உங்களுக்குக் காராச்சேவு ஞாபகம் வரும். ஒரு காலத்தில் பேனா நிப்புக்கும் இதுதான் ஊர். நாம் பரீட்சையில் எழுதிய பொய்களில் பாதி சாத்தூர் நிப்பால் எழுதியவை.) அங்கே ஒரு தச்சரிடம் படத்தைக் காட்டி மரத்தில் ஒரு அச்சு செய்யச் சொன்னேன். தோலை அச்சில் போர்த்தித் தைத்தால்தானே அளவு சரியாக வரும்? அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"நாடகத்துக்கா தம்பி?"

"ஆமாண்ணாச்சி" என்றேன். அதைவிட சுருக்கமான பதில் கிடைக்கவில்லை.

சைலன்சருக்குத் தனியாகக் கடைய வேண்டாம், பூரிக்கட்டை ஒன்றை அறுத்து ஒட்டினால் போதும் என்று அவரே யோசனை சொன்னார். பருமன் கிட்டத்தட்ட சரியாக இருந்தது. ஆக, உலகத்திலேயே பூரிக்கட்டை சைலன்சர் வைத்த முதல் பிஸ்டல் என் மஞ்சப்பையில் ஏறியது.

ஏழாயிரம்பண்ணை பஸ். இரண்டு பக்கமும் கரிசல் காடு. நடுநடுவே தனித்தனியாக, ஒன்றோடொன்று பேசாத பங்காளிகள் மாதிரி தள்ளித் தள்ளிக் கட்டிய சின்ன அறைகள். பட்டாசுக் கம்பெனிகள். ஓர் அறையில் பற்றினால் அடுத்ததுக்குத் தாவக்கூடாது என்பதற்காக அந்த இடைவெளி.

ஆயுதத்துக்கும் இந்த ஊருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஏழாயிரம்பண்ணை ஒரு பாளையம். 1799-ல் இதன் பாளையக்காரர் கட்டபொம்மன் பக்கம் நின்றார். பானர்மேன் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கில் போட்டதோடு, ஏழாயிரம்பண்ணையையும் பறித்துக்கொண்டார்கள். 1801 டிசம்பர் 1-ம் தேதி, இனி இந்தச் சீமையில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கம்பெனி கவர்னர் ஒரு பிரகடனம் போட்டார். வேலும் ஈட்டியும் துப்பாக்கியும் போயின. அப்புறம் ஒரு நூற்றாண்டு கழித்து சுற்றுவட்டாரத்துக்கே தீப்பெட்டியும் பட்டாசும் வந்தன. மருந்தை வைத்து யாரையும் சுடக்கூடாது, சும்மா சத்தம் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு!

அப்படிச் சத்தத்தை விற்றுச் சோறு தின்கிற ஊருக்குத்தான் நான் சத்தத்தை அடக்கும் சாமானுக்கு உறை தைக்கப் போகிறேன்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மஞ்சப்பையைப் பெஞ்சில் வைத்தது என் தப்பு. பூரிக்கட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர் மப்டி போலீஸ் என்பது அவர் கிராப்பைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"என்ன சார் அது?"

"பூரிக்கட்டை சார்."

"பூரிக்கட்டைக்கு எதுக்கு சார் ட்ரிக்கர்?"

நடந்ததை எல்லாம் ஒப்பித்தேன். போனில் அண்ணன் படத்தைக் காட்டினேன், முயல் கடித்த கத்தரியைக் காட்டினேன். நல்ல மனிதர். சிரித்துவிட்டார். அதோடு விடவில்லை; துறை சார்ந்த ஆலோசனையும் கொடுத்தார். "என்ன வேணா பண்ணுங்க, ட்ரிக்கர் மட்டும் முழுசா மூடியிருக்கணும். உறைக்குள்ள இருக்கும்போது ஒரு குச்சிகூட உள்ள போகக்கூடாது. அப்புறம் மேல ஒரு வார், பட்டன் போட்டு. ஓடுனா விழக்கூடாது பாருங்க." 2016 விதிகளும், லைசென்ஸ்காரர் கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டுபோனால் அதற்கென்று செய்த உறையில், வெளியே தெரியாமல் மூடித்தான் கொண்டுபோக வேண்டும் என்கின்றன. "ஆனா நீங்க அதைப் பையிலயே வச்சுக்கங்க. கட்டையைப் பார்த்தே நாலு பேர் ஓடுவான்" என்று டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.

பெரியவர் வீட்டுத் திண்ணை. மாட்டுக்குச் சலங்கைப் பட்டை, மேளத்துக்கு வார், மோட்டார் சைக்கிளுக்கு சீட் கவர் என்று ஐம்பது வருஷமாகத் தைப்பவர். அச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடுத்த எடுப்பிலேயே கேட்டார்:

"இந்தக் கட்டையைக் கழட்டித் தனியா வச்சுக்கிட்டா என்ன தம்பி? எதுக்கு ரெண்டையும் சேர்த்துத் தூக்கணும்?"

பாருங்கள், அமெரிக்காவில் இரண்டு உறை வாங்கியவருக்குத் தோன்றாத கேள்வி! உடனே போன் போட்டேன். அண்ணனுக்கு ராத்திரி பதினொன்றரை. பதில் சொன்னார். கழற்றி வைக்கலாம்தான். ஆனால் முயலைப் பார்த்தபிறகு பையிலிருந்து எடுத்துத் திருகிக்கொண்டிருந்தால் முயல் பேரன் பேத்தி எடுத்துவிடும். தவிர, அவசரத்தில் திருகினால் மரை கோணலாக ஏறும். லேசாகச் சாய்ந்திருந்தாலும் குண்டு உள்ளே உள்ள தடுப்புத் தட்டுகளில் இடித்து சைலன்சரே பிய்ந்துவிடும். ஒரு தடவை நிதானமாக, நேராகப் பூட்டிவிட்டு அப்படியே வைத்துக்கொள்வதுதான் நல்லது.

"அப்ப அடி திறந்திருக்கணும்" என்றார் பெரியவர். "மூடித் தைச்சா நீளம் பத்தாது, சூடும் போகாது."

அடுத்த சிக்கல் அவர் விரல் வைத்த இடத்தில் இருந்தது. பிஸ்டல் குழல் ஒல்லி, அதன் முனையில் சைலன்சர் குண்டு. உறையை உருவும்போது அந்தக் குண்டுப் பகுதி முழு உறையையும் கடந்து மேலே வரவேண்டும். அதற்காக உறையை அகலமாகத் தைத்தால் குழல் பகுதி லொடலொட. இதற்குத்தான் கடைக்காரர்கள் யாரும் சரியாகச் செய்து தருவதில்லை. பெரியவர் கொஞ்ச நேரம் வெற்றிலை போட்டார். பிறகு சொன்னார்: "கீழ பிடிக்கவே கூடாது தம்பி. பிடி முழுக்க மேல, அந்த விசை வளையத்தில. அங்க மட்டும் இறுக்கமா அச்சு எடுத்துட்டு, கீழ சும்மா குழாய் மாதிரி விட்டுருவோம்."

எனக்குக் கைதட்டத் தோன்றியது.

தோல் எது? அதற்கும் ஒரு சொற்பொழிவு. செருப்புக் கடையில் கிடைக்கும் மெத்து மெத்தென்ற தோலெல்லாம் குரோம் உப்பில் பதனிட்டது. நனைத்து அச்சில் அழுத்தினாலும் காய்ந்ததும் பழையபடி சுருண்டுவிடும். மரப்பட்டையில் பதனிட்ட தோல் அப்படியில்லை. தண்ணீரில் நனைத்து அச்சில் போர்த்தி, விரலால் அழுத்தி, நிழலில் காயவைத்தால் அதே வடிவத்தில் கட்டையாக நின்றுவிடும். மதராஸிலிருந்து ஒரு காலத்தில் லண்டனுக்குக் கப்பல் கப்பலாகப் போன தோல் இதுதான், ஆவாரம்பட்டையில் ஊறியது. கரிசல் காட்டு ஓரத்தில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்குமே, அதே ஆவாரை. இப்போது பெரும்பாலும் வேறு பட்டைச் சத்துதான். "ஆனா சொல்லிருங்க தம்பி, ராத்திரி உறைக்குள்ளயே போட்டு வைக்கக்கூடாது. தோல் ஈரம் இழுக்கும், இரும்பு துருப்பிடிக்கும், பித்தளை பச்சை பூக்கும்." உறை நடக்கும்போதுதான், படுக்கும்போது துப்பாக்கி பெட்டியில். இது அண்ணன் வாங்கிய எந்த உறையோடும் வந்த காகிதத்தில் இல்லையாம்.

"நைலான் வார் வச்சா செலவு கம்மியாகுமே?" என்று கணக்குப் பிள்ளை புத்தியில் கேட்டேன்.

பெரியவர் முறைத்தார். "இந்த ஊர்ல வந்து நைலானா?"

பட்டாசுக் கம்பெனிக்குள் நைலான், பட்டு, கம்பளி எதுவும் ஆகாது, பருத்திதான். உரசினால் நிலைமின்சாரம் வரும், ஒரு பொறி போதும். உள்ளே நுழையுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டில் கையை வைத்து உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். ஊரில் பலருக்கு வீட்டுக் கதவைத் தொடும்போதுகூட அந்தப் பழக்கம் உண்டு. டெக்ஸாஸ் முயலுக்கு இதெல்லாம் பொருந்தாதுதான். இருந்தாலும் எதிர்த்துப் பேச எனக்குத் தைரியமில்லை.

கடைசியாக, எங்கே தொங்கவிடுவது. இடுப்பா, நெஞ்சா? இதில் எனக்கு சாம் பிரவுன் துணைக்கு வந்தார். 1858-ல், இங்கே கலகம் நடந்தபோது, வட இந்தியாவில் ஒரு சண்டையில் இடது கையை இழந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி. ஒற்றைக் கையால் வாளை எப்படி உருவுவது? உறையைப் பிடிக்க இன்னொரு கை இல்லையே! அதற்காக இடுப்பு பெல்ட்டோடு தோளுக்குக் குறுக்கே ஒரு வார் போட்டார். நம் போலீஸ் அதிகாரிகள் விழாவுக்கு மாட்டுகிறார்களே, அந்தக் குறுக்குப் பட்டை, அந்த ஒற்றைக் கைக்காரருடையதுதான். அதைச் சொன்னதும் பெரியவர், "அப்ப பூணூல் மாதிரி குறுக்க போட்டுருவோம்" என்றார். முடிந்தது. நெஞ்சுக்குக் குறுக்கே வார், இடது பக்கம் சாய்ந்து உறை. ஜீப்பில் உட்காரலாம், குனியலாம், கீரை பறிக்கலாம்.

இத்தனை நேரமும் எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா.

"என்னய்யா தைக்கிறாரு?" என்றார்.

"உறை சித்தப்பா."

"குறையா? யாருக்கு என்ன குறை?"

"உறை! துப்பாக்கி உறை!"

"துப்பாக்கியா!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தெருமுனையில் ஒரு சைக்கிள் நின்றது.

சித்தப்பாவுக்குக் காது கேட்காது. பட்டாசுக் கம்பெனியில் நாற்பது வருஷம் போர்மேன். ஒவ்வொரு லாட்டிலும் நாலு எடுத்துக் கொளுத்திப் பார்ப்பது அவர் வேலை. திரி சரியாகப் பிடிக்கிறதா, சத்தம் போதுமா என்று. காதில் பஞ்சுகூட வைத்ததில்லை, "பஞ்சு வச்சா சத்தம் எப்படித் தெரியும்?" என்பார். 1999-ல்தான் நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் பட்டாசு போடக்கூடாது என்று விதி வந்தது. அதற்குள் சித்தப்பா பாதி டெசிபலைக் காதில் வாங்கிவிட்டார்.

அண்ணன் துப்பாக்கியை சைலன்சரோடு சுட்டால் சுமார் 115, 120 டெசிபல். இல்லாமல் சுட்டால் 155-க்கு மேலே. (அளக்கும் முறை வேறு வேறு, நேராகக் கழித்துப் பார்க்கக் கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.) ஏறக்குறைய, சினிமாவில் 'ப்ஸ்க்' என்று சத்தமே இல்லாமல் சுடும் அந்தச் சாமான் நம் ஊர் அணுகுண்டுக்குப் பக்கத்தில் வருகிறது. டெசிபல் நம் கூட்டுவட்டிக்கே தாத்தா. பத்து ஏறினால் பத்து மடங்கு, இருபது ஏறினால் நூறு மடங்கு.

"சத்தம் வராத துப்பாக்கியா? அது நமத்துப்போன வெடிய்யா. அதை எவன் வாங்குவான்?" என்று சித்தப்பா சிரித்தார்.

வாங்கியவர் அவர் மகன்தான் என்று நான் சொல்லவில்லை. ஏனென்றால் அண்ணன் அன்று ராத்திரி போனில் சொன்ன இன்னொரு விஷயம் இருக்கிறது. "முயலுக்காக மட்டும் இல்லடா தம்பி. எனக்கு இடது காதுல 'கீ'ன்னு ஒரு சத்தம் வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டே இருக்கு. லீவுல அப்பாகூடப் போய் வெடிச்சதெல்லாம் இப்ப கேக்குது. மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்தணும்ல?"

சைலன்சரைக் கண்டுபிடித்தவர் கதையும் இதுதான் என்பது ஆச்சரியம். ஹிராம் மாக்சிம் என்பவர் 1884-ல் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தார். உலகமே அதிர்ந்தது, மாக்சிமின் காதும்தான். தன் துப்பாக்கியின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே வயதான காலத்தில் செவிடாகிப் போனார். அவர் மகன் ஹிராம் பெர்சி மாக்சிம்தான் 1909-ல் சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கியவர். அப்பாவுக்காகச் செய்தாரா, வியாபாரத்துக்காகவா என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. எங்கள் திண்ணையில் அதே கதையின் அப்பா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார், அது போதாதா?

சித்தி உள்ளே கூப்பிட்டாள். "அவன் உனக்குத்தான் போன் போடறான். அப்பாக்குப் போட மாட்டேங்கறான். என்ன பேசினாலும் இவருக்குக் கேக்காது, இவரு வேற பதில் சொல்லுவாரு, அவன் வச்சுருவான். ஆறு மாசமாச்சு ராசா ரெண்டு பேரும் பேசி" என்றாள். பீரோவைத் திறந்து ஒரு சின்ன டப்பாவைக் காட்டினாள். காது மிஷின். போன தீபாவளிக்கு முன்னால் மதுரையில் டெஸ்ட் எடுத்து அண்ணன் பணத்தில் வாங்கியது. கிராப்பில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. சத்தத்தால் போன காதுக்கு அதுதான் கைநாட்டு என்றாராம் டாக்டர். உள்காதில் மயிரிழை மாதிரி செல்கள் ஒரு காதுக்குப் பதினைந்தாயிரம் சொச்சம். போனால் மறுபடி முளைக்காது.

"பின்னே ஏன் சித்தி பீரோவுல இருக்கு?"

"கம்பெனிக்குள்ள பேட்டரி சாமான் எதுவும் கொண்டு போகக்கூடாதாமில்ல. கேட்ல கழட்டணும். பை வச்ச சட்டையும் போடறதில்ல. வேட்டி மடிப்புல வச்சு ரெண்டு தடவை தொலைச்சு, ஒரு தடவை வாட்ச்மேன் மேஜையில விட்டுட்டு வந்து... எதுக்கு வம்புன்னு உள்ள வச்சுட்டாரு."

சித்தப்பா ரிடையர் ஆகிவிட்டாலும் தினம் காலையில் கம்பெனிக்கு ஒரு நடை போய்விடுவார். போகாவிட்டால் சாப்பாடு இறங்காது.

நான் டப்பாவை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தேன். பெரியவர் என் கையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அச்சுக்கு வெட்டியதுபோக மிஞ்சிய துண்டுத் தோலை எடுத்து மிஷின் மேல் வைத்து அளந்தார்.

"இதுக்கு அடி மூடியிருக்கணும்" என்றார். "மேல பட்டன் வார். கழுத்துல போட்டுக்க ஒரு கயிறு. பருத்திதான்."

பத்து நாள் கழித்து இரண்டு உறையும் தயார். பெரியதை, அந்தப் பக்கம் போகிற நண்பர் ஒருவர் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டு போனார். மர அச்சை நான் அனுப்பவில்லை. சித்தி அதிலிருந்து பூரிக்கட்டையை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டாள். பெரியவர் பெரிய உறைக்குக் கூலி சொன்னார், சின்னதுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வவுச்சர் இல்லாத செலவு எனக்கு எப்போதுமே உறுத்தும், இது உறுத்தவில்லை.

அண்ணனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. நெஞ்சுக்குக் குறுக்கே வார், உறை, முகத்தில் பாளையக்காரர் களை. கீழே ஒரு வரி: 'சூப்பர்டா! முயல் இன்னும் கிடைக்கலை.'

சித்தப்பா இப்போது கம்பெனி கேட்டில் கழுத்துப் பையில் மிஷினைப் போட்டு, பட்டனை அழுத்தி, பையை வெளியே ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போகிறார். திரும்பும்போது மாட்டிக்கொள்கிறார். முதல் வாரம் காக்கா கத்துவதே சரவெடி மாதிரி இருக்கிறது என்று சித்தியிடம் சண்டை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது அண்ணன் நேராக வீட்டு நம்பருக்கே போன் போட்டார். பழக்கதோஷம், தொண்டை கிழிய, "அப்பா! நல்லா இருக்கீங்களாப்பா! கேக்குதாப்பா!" என்று கத்தினார். சித்தப்பா போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார்.

"ஏன்யா இப்படிக் கத்துற?" என்றார். "காது என்ன செவிடாவா போச்சு?"